காலையில் கடல், மாலையில் ஏரி: சென்னையிலிருந்து ஒரு நாள் தீவு, பறவை, ஸ்நார்கெலிங் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தீவு, பறவைக் கூட்டம், கடற்கரை, கடலுக்குள் முகம் வைத்து மீன் பார்க்கும் ஸ்நார்கெலிங். இதற்கெல்லாம் அந்தமானுக்கோ இலங்கைக்கோதான் போக வேண்டும் என்று சென்னையில் பலர் நினைக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரே நாளில் இவ்வளவும் முடியுமா?

முடியும், ஆனால் ஒரே இடத்தில் கிடைக்காது. சென்னைக்குத் தெற்கே கோவளம், வடக்கே பழவேற்காடு. கடலுக்குள் இறங்க கோவளம். தீவுக்கும் பறவைக்கும் பழவேற்காடு. இரண்டுக்கும் நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதனால் எதை முதலில் வைக்கிறோம் என்பதில்தான் அந்த நாளே இருக்கிறது. நான் சொல்லும் வரிசை: காலையில் கோவளம், மாலையில் பழவேற்காடு.

பறவை பார்க்க விடியற்காலையில்தானே போகச் சொல்வார்கள்? நீங்கள் ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்?

காற்றுதான் காரணம். நம் கரையில் ராத்திரி முழுக்கத் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று போகும். விடியும்போது அலை அடங்கியிருக்கும். வெயில் ஏறி தரை சூடானதும் காற்று திசை திரும்பும். பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்குக் கடல்காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் கடலின் மேல்பரப்பு குலுங்கத் தொடங்கும். அப்புறம் ஸ்நார்கெல் குழாய்க்குள் தண்ணீர் போகும், அடியில் இருக்கும் மண்டி மேலே வரும், படகில் இருப்பவர்களுக்குக் குமட்டும். கடலுக்கு மத்தியான நேரம் ஆகவே ஆகாது.

பூநாரைக்கு (ஃபிளமிங்கோ) அந்தக் கட்டாயம் இல்லை. ஆழம் குறைந்த தண்ணீரில் பகலிலும் மேயும், ராத்திரியிலும் மேயும். மாலை நான்கு மணிக்குப் போனாலும் அங்கேதான் நிற்கும். சாய்வான வெயிலில் நிறம் இன்னும் நன்றாகத் தெரியும். பறவையை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் விடியற்காலையிலேயே போங்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கடலையும் சேர்த்துத் திட்டம் போட்டால், கடலுக்குத்தான் காலை.

எந்த மாதம் போனால் இரண்டும் நன்றாக இருக்கும்?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். பறவைக்கு நல்ல காலமும் கடல் தெளியும் காலமும் வேறு வேறு.

வெளியிலிருந்து வரும் பறவைகள் அக்டோபர், நவம்பரிலேயே பழவேற்காட்டுக்கு வரத் தொடங்கும். அதே சமயத்தில் வடகிழக்குப் பருவமழை. கொசஸ்தலை, கூவம், அடையாறு எல்லாம் சேற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். வாடைக்காற்று கடலைக் கிளறிக்கொண்டே இருக்கும். அப்போது கோவளத்தில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் தேநீர் நிறம்தான் தெரியும். புயல் எச்சரிக்கை வேறு.

மழை நின்று, பொங்கல் கழிந்து, காற்றும் அடங்கி, கடல் தெளிய பிப்ரவரி ஆகிவிடும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் கடலுக்கு நல்ல மாதங்கள். ஆனால் வெயில் ஏறினால் ஏரி வற்றும், மார்ச் கடைசியில் பறவைகள் ஒவ்வொரு கூட்டமாகக் கிளம்பும். ஆக இரண்டும் பொருந்தி வருவது பிப்ரவரி தொடங்கி மார்ச் நடுவரைதான். ஒரு நாளில் இரண்டையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்த ஆறு வாரத்துக்குள் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை மிக அதிகமாகப் பெய்த வருஷத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. ஏரியில் தண்ணீர் ஆழமாக நிற்கும். பூநாரை நின்று மேயும் பறவை, கால் எட்டாத ஆழத்தில் அதற்கு வேலை இல்லை. தண்ணீர் இறங்கும் வரை கூட்டம் சிதறியே இருக்கும். அந்த வருஷங்களில் டிசம்பரில் போய் ஏமாந்து திரும்புவதை விட பிப்ரவரி வரை பொறுப்பது நல்லது.

காணும் பொங்கல் அன்று இந்தப் பக்கமே வேண்டாம். கூட்டம் தாங்காது.

கோவளத்தில் கடலுக்குள் என்ன தெரியும்? அந்தமான் மாதிரி பவளம் இருக்குமா?

இருக்காது. அந்த எண்ணத்தோடு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். சென்னைக் கரை மணல் கரை. ஆறுகளின் வண்டல் வந்து சேரும் கடல். தமிழ்நாட்டில் பவளத்திட்டு என்றால் மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும்தான் (அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்).

ஆனால் கோவளம், நீலாங்கரை பக்கம் கரையிலிருந்து படகில் கொஞ்ச தூரம் போனால் கடலடியில் பாறைத்திட்டுகள் இருக்கின்றன. மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது, எதில் என்ன மீன் ஒதுங்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம். வெறும் மணலாகக் கிடக்கும் அடித்தளத்தில் ஒரு பாறை இருந்தால் போதும், அதைச் சுற்றி உயிர் கூடிவிடும். பொந்துக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும் விலாங்கு, மஞ்சளும் கறுப்புமாய் ஜோடியாகத் திரியும் வண்ணத்திப்பூச்சி மீன், பாறை நிழலில் அசையாமல் நிற்கும் களவா, முள் விரித்த கடல் முள்ளெலி. தட்டில் மட்டுமே பார்த்த மீன் உயிரோடு நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது அது வேறு அனுபவம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பார்கள் பெரும்பாலும் ஆழத்தில் இருப்பதால், மேலே மிதந்துகொண்டே பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்குத் தண்ணீர் நன்றாகத் தெளிந்த நாள் அமைய வேண்டும். அதனால்தான் இங்குள்ள டைவிங் பள்ளிகள் சிலிண்டர் கட்டிக்கொண்டு பயிற்சியாளர் கையைப் பிடித்து இறங்கும் அறிமுக ஸ்கூபாவை அதிகம் நடத்துகின்றன. முந்தின நாள் பேசும்போது, “நாளைக்கு எத்தனை மீட்டர் தெரியும்?” என்று நேராகக் கேளுங்கள். நல்ல பள்ளி என்றால் உண்மையைச் சொல்வார்கள், சரியில்லாத நாளில் வராதீர்கள் என்றும் சொல்வார்கள். எல்லா நாளும் சூப்பராக இருக்கும் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள்.

படகு வேண்டாம், கரையிலிருந்தே இறங்கி ஸ்நார்கெல் போடலாமா?

வேண்டாம். மெரினாவானாலும் பெசன்ட் நகரானாலும் கோவளமானாலும், நம் கரையில் அலை உடையும் இடத்தில் மணல் கலங்கி ஒன்றும் தெரியாது. அதை விட முக்கியம், கரைக்கு வந்த தண்ணீர் ஒரு வாய்க்கால் போல இறுகி உள்ளே இழுத்துக்கொண்டு போகும் இடங்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிகிறதா? அங்கேதான் இழுப்பு. புதிதாக வருபவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று சரியாக அந்த இடத்தில் போய் இறங்குகிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாமல், மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். இழுப்பு விட்டதும் அலையோடு சேர்ந்து கரைக்கு வந்துவிடலாம்.

குளிக்க ஆசைப்பட்டால் கோவளத்தில் நீலக்கொடி (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்றிதழ்) பெற்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. 2021-ல் அந்தச் சான்றிதழ் கிடைத்தது. அங்கே குளிக்கும் எல்லையைக் குறித்திருப்பார்கள், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், உடை மாற்ற இடம் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே இடம் அதுதான்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்நார்கெலிங் போகலாமா?

லைஃப் ஜாக்கெட்டோடு, பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் இருந்தால் போகலாம். ஜாக்கெட் உங்களை மிதக்க வைத்துவிடும். சிக்கல் மூச்சில்தான். மூக்கை மூடிக்கொண்டு வாயால் மட்டும் நிதானமாக மூச்சு விடப் பழக வேண்டும். பயந்தால் மூச்சு வேகமாகும், வேகமானால் குழாயைத் துப்பிவிட்டு எழுந்து நிற்கத் தோன்றும், காலுக்குக் கீழே தரை இருக்காது. அதனால் படகேறும் முன்பு நீச்சல்குளத்திலோ இடுப்பளவு தண்ணீரிலோ பத்து நிமிஷம் முகத்தை வைத்து மூச்சு விட்டுப் பாருங்கள். அந்தப் பத்து நிமிஷப் பழக்கம் கடலில் மொத்தப் பயத்தையும் எடுத்துவிடும்.

இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஸ்கூபா கூடவே கூடாது.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

அறிமுக ஸ்கூபாவுக்குப் பொதுவாகப் பத்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஸ்நார்கெலிங்குக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. தண்ணீருக்குப் பயப்படாத, சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்றால் போதும். முகத்துக்குச் சரியான அளவில் சின்ன மாஸ்க் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் வருகிறது, பனி படிகிறது. என்ன செய்வது?

வாரைக் கட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. விழுந்தால் வேறு கேளுங்கள். விளிம்புக்குள் முடி ஒரு இழை கூட இருக்கக் கூடாது. மீசை அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். பனி படியாமல் இருக்க, கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தடவிக் கடல் தண்ணீரில் அலசினால் போதும். வாரை இறுக்கிக் கட்டினால் தண்ணீர் வராது என்று நினைத்து முகத்தில் தழும்பு விழும் வரை இழுப்பார்கள், அது இன்னும் மோசம்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள்?

கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மாஸ்க் மாட்டலாம், தண்ணீருக்குள் கண்ணை மூடித் திறக்கும்போது மாஸ்க் கழலாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில பள்ளிகளில் பவர் வைத்த மாஸ்க்கே கிடைக்கும். கிட்டப்பார்வை கொஞ்சமாக இருந்தால் ஒன்றும் வேண்டாம், தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகவும் பக்கத்திலும்தான் தெரியும்.

கோவளத்திலிருந்து பழவேற்காட்டுக்கு ஊருக்குள் புகுந்து போனால் பொழுதே போய்விடுமே?

ஊருக்குள் வரவே வேண்டாம். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து வண்டலூர். வண்டலூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் சென்னையைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி, பொன்னேரியிலிருந்து பழவேற்காடு. கோவளத்தில் பதினொன்றரை, பன்னிரண்டுக்குக் கிளம்பி, வழியில் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் மூன்றரைக்குள் ஏரிக்கரையில் இருக்கலாம். காலையில் தண்ணீரில் கிடந்த களைப்பில் ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும். கடலில் இறங்காத ஒருவர் வண்டி ஓட்டுவதே நல்லது.

பழவேற்காட்டில் தீவு எங்கே இருக்கிறது?

பழவேற்காடு ஏரி உண்மையில் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவில் பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை மட்டும் நம்மிடம். தெற்கே ஆரணியாறு, வடக்கே காளங்கி போன்ற ஆறுகள் நல்ல தண்ணீர் கொண்டுவரும், முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீர் கொண்டுவரும். இரண்டும் கலக்கும் இந்தக் கலவையில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன, அவற்றை நம்பிப் பறவையும் மனிதரும் வாழ்கிறார்கள்.

கடலுக்கும் இந்த உப்பங்கழிக்கும் நடுவில் நீள நீளமாக மணல் தீவுகள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே, எண்ணூர் கழிமுகத்திலிருந்து பழவேற்காட்டு முகத்துவாரம் வரை கிடக்கும் காட்டுப்பள்ளித் தீவு. அதன் வடக்கு முனையில்தான் லைட்ஹவுஸ் குப்பமும் கலங்கரை விளக்கமும். ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து வண்டியிலேயே போய்விடலாம். ஒரு பக்கம் வங்கக்கடல், திரும்பி நின்றால் இன்னொரு பக்கம் ஏரி. தீவு பார்க்கப் படகு ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இங்கே கடலில் மட்டும் இறங்க வேண்டாம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும்.

நேரம் மிச்சம் இருந்தால் ஊருக்குள் டச்சுக் கல்லறையை ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டி, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்கு இதுதான் தலைமையிடம். கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

பூநாரை நிச்சயமாகத் தெரியுமா? எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம்?

தமிழ்நாட்டுப் பக்கம் 1980 முதல் பறவைகள் சரணாலயம். ஆனால் கூட்டம் எங்கே நிற்கிறது என்பது அன்றன்றைய தண்ணீர் அளவைப் பொறுத்தது. கரையில் வலை காயவைத்துக்கொண்டிருக்கும் அண்ணன்களிடம் கேளுங்கள், கையை நீட்டிக் காட்டுவார்கள்.

பூநாரைதான் முக்கியம், தீவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் சூலூர்பேட்டைக்குப் போங்கள். வெளிவட்டச் சாலையிலிருந்து நெல்லூர் நெடுஞ்சாலையில் ஏறினால் நேராகப் போய்விடலாம். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே போகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் தண்ணீர். பருவத்தில் வண்டியை ஓரம் கட்டினாலே பறவைகள் தெரியும். கடைசியில் இஸ்ரோ வாயில் வரும், அதற்கு மேல் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதற்குப் பக்கத்தில் கேமராவை எடுக்காதீர்கள்.

ஒரே ஒரு பூநாரையைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிஷம் பைனாகுலரில் பாருங்கள். கூட்டத்தைப் பார்ப்பதை விட அது எனக்குப் பிடிக்கும். நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும். மிதிக்க மிதிக்கச் சேறு கிளம்பும். நீண்ட கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைக்கும், மேல் அலகு கீழே, கீழ் அலகு மேலே. நாக்கு உள்ளே முன்னும் பின்னும் போய்ச் சேற்றுத் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சன்னமான தடுப்புகளில் சின்னச் சின்ன உயிர்கள் தங்கிவிடும். அந்த இரையிலும் பாசியிலும் இருக்கும் நிறமிதான் இறகில் ஏறி இளஞ்சிவப்பாகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நிற்கும், வேறு பறவை என்று நினைத்துவிடாதீர்கள், அவை குஞ்சுப் பருவம் தாண்டிய இளசுகள். நிறம் ஏற வருஷங்கள் ஆகும்.

கூடவே கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், பவளக்கால் உள்ளான், ஊசிவால் வாத்து, ஆலா எல்லாம் தெரியும். கூழைக்கடா கூட்டில் குஞ்சு வளர்ப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் சூலூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு சரணாலயம் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு நாள் திட்டத்துக்குள் அதைத் திணிக்காதீர்கள்.

கிட்டப் போய் படம் எடுக்க முடியுமா? பறக்கும்போது எடுத்தால் அழகாக இருக்குமே?

பறக்கும்போது அழகுதான், ரெக்கைக்குள் இருக்கும் செந்நிறமும் கறுப்பும் அப்போதுதான் விரியும். ஆனால் அது தானாகப் பறக்க வேண்டும். படகை நேராகக் கூட்டத்துக்குள் விடுவதும், கை தட்டுவதும், கல் எறிவதும் ஏரிக்கரையில் நடக்கிறது. பார்த்தாலே வயிறு எரிகிறது. கட்ச் பாலைவனம் போன்ற இடங்களிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து, நாள் முழுக்கச் சேற்றைச் சலித்துச் சேர்க்கும் சக்தியை நம் ஒரு வீடியோவுக்காகச் செலவழிக்க வைக்கிறோம். தலையைத் தூக்கி எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்தால், நீங்கள் ஏற்கெனவே ரொம்ப கிட்ட வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள், இல்லை பின்னால் வாருங்கள். டிரோன் கொண்டுவராதீர்கள். பறவைக்கும் ஆகாது, பக்கத்தில் ராக்கெட் தளம் இருப்பதால் உங்களுக்கும் ஆகாது.

ஏரியில் படகுப் பயணம் பாதுகாப்பானதா?

2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த குடும்பத்தினர் போன படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

ஏரியின் பல இடங்களில் ஆழம் ஒரு ஆள் உயரம் கூட இருக்காது. அதனால்தான் அலட்சியம் வருகிறது. முகத்துவாரப் பக்கம் அப்படி இல்லை, ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் தண்ணீர் வேகமாக ஓடும். அனுமதி இல்லாத நாளில் கூடுதல் காசு கொடுத்து ஏறாதீர்கள். அனுமதி இருக்கும் நாளிலும், ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் கையில் வராமல் காலை எடுத்து வைக்காதீர்கள். கூட்டமாக ஏற்றினால் இறங்கிவிடுங்கள். படகில் எழுந்து நின்று செல்ஃபி வேண்டாம். முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாலைக் காற்று ஏறிய பிறகு படகே வேண்டாம். இந்தத் திட்டத்தில் மாலையில் போவதால், படகை விட்டுவிட்டுப் பாலத்திலும் மணல் திட்டிலும் நின்று பார்ப்பதையே நான் சொல்வேன்.

ராக்கெட் விடும் நாளில் போகலாமா?

ராக்கெட் பார்க்க வேண்டுமென்றே போகலாம், கடற்கரையிலிருந்து நன்றாகத் தெரியும். பறவை பார்க்க அந்த நாள் வேண்டாம். மீனவர்களைக் கடலுக்குப் போகவிட மாட்டார்கள், சாலையில் சோதனையும் கூட்டமும் இருக்கும்.

கார் இல்லை. ரயில், பேருந்தில் முடியுமா?

இரண்டையும் ஒரே நாளில் என்றால் சிரமம். பிரித்து இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கோவளத்துக்கு மாநகரப் பேருந்து இருக்கிறது. வடக்கே சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து, ஷேர் ஆட்டோ. அதே மார்க்கத்தில் சூலூர்பேட்டை வரை போகும் ரயில்களும் உண்டு, இறங்கி ஆட்டோ பேசிக்கொண்டு ஏரிச் சாலைக்குப் போகலாம்.

சாப்பாடு?

கடலுக்குள் இறங்கும் முன்பு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். பொங்கலும் வடையும் வேண்டாம், படகு ஆடும்போது தெரியும். குமட்டல் வரும் உடம்பு என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் முதலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். பழவேற்காட்டில் நண்டும் இறாலும் பேர் போனவை. மீன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகளும் பெட்டிகளும் இங்கே விசேஷம். பேரம் பேசாமல் வாங்குங்கள், ஒரு கூடையில் எவ்வளவு நேரம் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேசவும் தோன்றாது.

உண்மையான பவளம் பார்க்க வேண்டும். ஒரு நாள் லீவுதான் இருக்கிறது. வழி உண்டா?

உண்டு. மாலையில் சென்னையில் ரயில் ஏறினால் விடியலில் ராமநாதபுரம், மண்டபம் பக்கம் இறங்கலாம். பகல் முழுக்க அங்கே, திரும்ப ராத்திரி ரயில். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகிறது.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதனால் நினைத்த தீவில் நினைத்தபடி இறங்க முடியாது. வனத்துறை, உள்ளூர் மக்களை வைத்து நடத்தும் இடங்கள்தான் நமக்கு. பிச்சைமூப்பன்வலசையில் மணல் திட்டுக்குப் படகு. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு, ஸ்நார்கெலிங். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் படகு. எது எந்த நாளில் ஓடுகிறது என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இங்கே இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் பொங்கும், பெண் கடல் அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் மாறும். அதனால் ஒரு பக்கம் சரியில்லை என்றாலும் மறுபக்கம் பார்க்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை போனால் தனுஷ்கோடியில் பூநாரையும் நிற்கும். 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்தது. தீவு, பறவை, கடற்கரை, ஸ்நார்கெலிங் எல்லாம் சில மணி நேரத் தூரத்துக்குள் கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் இதுதான்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். பாறை மாதிரி இருந்தாலும் உயிர். 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய வருஷங்களில் இங்கே பவளம் வெளுத்துச் செத்திருக்கிறது. மிச்சம் இருப்பதை நம் கால் மிதித்து உடைக்க வேண்டாம். பவளத்துக்கு ஆகாத ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் தடவுவதற்குப் பதில் முழுக்கை நீச்சல் உடை போட்டுக்கொள்ளுங்கள், முதுகும் வேகாது.

பவளத் துண்டு, கடல் குதிரை எல்லாம் கடையில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது.

சொறி மீன் பட்டால்?

ஜெல்லி மீன்தான் அது. சில வாரங்களில் நிறைய வரும். பட்ட இடத்தை மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், இரண்டும் விஷத்தை அதிகமாக்கும். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, முகம் வீக்கம் வந்தால் உடனே மருத்துவமனை.

ஆமை பார்க்க முடியுமா?

ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் ராத்திரியில் ஏறி முட்டையிடும். பகலில் தெரியாது. தன்னார்வலர்கள் நடத்தும் இரவு நடையில் சேர்ந்து போகலாம். தனியாகப் போய் டார்ச் அடித்துத் தேடாதீர்கள், வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

மறுநாள் காலை விமானம். ஸ்கூபா செய்யலாமா?

ஒரே ஒரு தடவை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை இறங்கினால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை இறங்கி மறுநாள் காலை விமானம் என்றால் பயமில்லை. அன்றைக்கே மாலை விமானம் என்றால் ஸ்கூபா வேண்டாம். வெறும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

காலை ஐந்தரைக்கு டைவிங் பள்ளிக்காரர்கள் போன் செய்து ‘இன்று கடல் சரியில்லை’ என்றால்?

நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், கெஞ்ச வேண்டாம். கட்டிய பணத்தை வேறு நாளுக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டு வைத்திருங்கள். அப்படியே வண்டியை வடக்கே திருப்புங்கள். ஏழரைக்கு ஏரிக்கரையில் இருப்பீர்கள். அன்றைக்குப் படகுக்கு அனுமதி இருந்து காற்றும் இல்லாவிட்டால் படகும் ஏறலாம், முதல் நாள் ராத்திரி வலை போட்டவர்கள் திரும்பி வந்து மீன் இறக்குவதையும் பார்க்கலாம்.